மூன்று நாள் சிவப்பு

என் கல்யாணம் இரண்டு முறை தள்ளிப்போனதற்குக் காரணம் சூரியனில் இருந்த ஒரு ஓட்டை. யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்த ஓட்டைக்குக் காவல் இருந்தவள் நான், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் ஒன்றும் விளங்காது. செயற்கைக்கோள்களுக்கு வானிலை சொல்லும் வேலை. மழையும் புயலும் இல்லை, பூமியைச் சுற்றி மேலே இருக்கும் கதிர்வீச்சின் வானிலை. கம்பெனி வெளி மாநிலத்தில் இருக்கிறது. நான் திண்டிவனத்தில் எங்கள் வீட்டு மாடி அறையில் இருந்து வேலை பார்க்கிறேன். என் பொறுப்பில் இருந்தது ஒரு கிழட்டுச் செயற்கைக்கோள். அதற்கு விதித்த ஆயுளைத் தாண்டியும் ஓடிக்கொண்டிருந்தது. தினமும் காலையில் நான் அதற்கு ஒரு நிறம் சொல்ல வேண்டும். பச்சை என்றால் பயமில்லை. மஞ்சள் என்றால் ஆபத்து வரலாம், ஒரு ஆள் திரையை விட்டு நகராமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த ஆள் நான்தான். சிவப்பு என்றால் ஆபத்து உறுதி. அதன் கருவிகளில் பாதியை அணைத்து மூன்று நாள் தூங்க வைத்துவிடுவார்கள். தூங்குகிற செயற்கைக்கோளுக்குக் காவல் தேவையில்லை. என்னைக் கெடுத்தது இந்தக் கடைசி விஷயம்தான்.

சூரியன் வெடித்துச் சீறினால்தான் ஆபத்து என்று எல்லோரும் நினைக்கிறார்கள். செய்தியிலும் அதைத்தான் காட்டுகிறார்கள். என் கிழத்துக்கு எமன் வேறு. சூரியனின் மேல் சில சமயம் கறுப்பாக ஒரு திட்டு தெரியும். அதை நாங்கள் ஓட்டை என்போம். அந்த ஓட்டை வழியாகச் சூரியக் காற்று வேகமாகக் கிளம்பி வரும். அது பூமியைத் தொட்ட ஓரிரு நாளில், மேலே சுற்றிக்கொண்டிருக்கும் எலக்ட்ரான்களுக்கு வெறி பிடித்துவிடும். அவை செயற்கைக்கோளின் உடம்புக்குள் நுழைந்து கம்பிகளின் உறையில் போய் உட்காரும். சுவரில் ஓதம் ஏறுவது போல, சத்தமே இல்லாமல் ஏறிக்கொண்டே இருக்கும். பிறகு ஒரு நாள் படக்கென்று ஒரு பொறி. அதோடு கதை முடிந்தது. சூரியன் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு அதே ஓட்டையை இருபத்தேழு நாளுக்கு ஒரு முறை நம் பக்கம் திருப்பிக் காட்டும். வாடகை வாங்க வருகிற வீட்டுக்காரர் கூட அப்படித் தவறாமல் வர மாட்டார்.

ஆக, இருபத்தேழு நாளுக்கு ஒரு முறை எனக்கு மூன்று நாள் சிறை. காலை ஆறு மணிக்கு மாடி ஏறினால் மாலை ஆறு மணிக்குத்தான் இறக்கம். அதற்குப் பிறகு வேறு ஊரில் இருக்கும் இன்னொருவர் பார்ப்பார். பகலுக்கும் ஒரு துணை ஆள் இருந்தார். அவர் வெளிநாடு போன பிறகு அந்த இடத்துக்கு யாரையும் போடவில்லை. போடுகிறேன், போடுகிறேன் என்று எங்கள் டீம் லீடர் சொல்லிக்கொண்டே இருந்தார். மேலே தகர ஷீட் போட்ட அறை, ஒரு ஜன்னல், அதைத் திறந்தால் மேம்பாலத்து லாரிச் சத்தம். குளியலறைக்குப் போனாலும் போன் கையில் இருக்க வேண்டும். அம்மா சாப்பாட்டைப் படியில் வைத்துவிட்டுக் குரல் கொடுப்பார். ஒரு முறை அவர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

"ஏண்டி, ஜெயில்ல கூட பாக்க வர்றவங்களுக்கு டைம் குடுப்பாங்களே. உனக்கு அதுவும் இல்லையா?"

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. கோபம் வந்ததற்குக் காரணம், அவர் சொன்னது சரி என்பதுதான். அப்பா இறந்த பிறகு அம்மாவும் நானும் மட்டும். அம்மாவைத் தனியே விட்டுப் போக முடியாது. நான் படித்த இயற்பியலுக்கு எங்கள் பக்கத்தில் வேறு வேலையும் கிடையாது. அதனால் அந்தத் தகர அறையைத் திட்டிக்கொண்டே அதில் போய் உட்கார்ந்தேன்.

இந்த நிலைமையில்தான் அவர் வந்தார். எங்கள் தேவாலயப் பங்கில் ஒருவர் மூலமாக வந்த சம்பந்தம். கோலியனூர்ப் பக்கம் சொந்த நிலம், மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் உளுந்தும் போடுகிறார்கள். காலையிலும் மாலையிலும் அவர் பால் சொசைட்டியில் பாலின் தரம் பார்க்கிற வேலையில் இருந்தார். தன் சொந்தச் சித்தப்பா வீட்டுப் பாலில் தண்ணீர் இருக்கிறது என்று எல்லோர் முன்னாலும் திருப்பி அனுப்பியவர், அதனால் சித்தப்பா ஒரு வருஷம் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று அவர் அம்மாவே பெருமையும் அலுப்புமாகச் சொன்னார். அதற்கு முன் என்னைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் "ராக்கெட் விடுறீங்களா?" என்று கேட்டார்கள். இவர் மட்டும்தான், "நீ சொல்றது தப்பாயிட்டா இன்னா ஆவும்?" என்று கேட்டார். எனக்கு முப்பத்திரண்டு வயது. அந்தக் கேள்வியை யாராவது கேட்பார்கள் என்று நான் காத்திருந்தது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், மிகவும் பிடித்துவிட்டது.

இனி அந்த வகுப்பு. எங்கள் கத்தோலிக்க சபையில் கல்யாணம் ஆகப் போகிறவர்கள் மூன்று நாள் திருமணத் தயாரிப்பு வகுப்புக்குப் போயே ஆக வேண்டும். பெண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்து போக வேண்டும், அங்கேயே தங்க வேண்டும், போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். அந்தச் சான்றிதழ் இருந்தால்தான் கோயிலில் ஓலை வாசிப்பார்கள். ஓலை என்பது கல்யாண அறிவிப்பு. மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் வாசித்த பிறகுதான் கல்யாணம். எங்களுக்கு வகுப்பு விழுப்புரத்தில். நான்கு வாரத்துக்கு ஒரு முறை, வெள்ளியில் தொடங்கி ஞாயிறு வரை. நான்கு வாரம் என்றால் இருபத்தெட்டு நாள். சூரியனுக்கு இருபத்தேழு நாள். வித்தியாசம் ஒரே ஒரு நாள். வகுப்பு எப்போது வந்தாலும் ஓட்டையும் கூடவே வந்து நின்றது. யாரோ உட்கார்ந்து திட்டம் போட்டுச் செய்தது போல இருந்தது.

முதல் முறை நான் கிளம்பவே இல்லை. காலையில் மஞ்சள், எழுந்திருக்க வழியில்லை. அவர் மட்டும் விழுப்புரம் போய் வாசலில் நின்றுவிட்டுத் திரும்பினார். இரண்டாம் முறை லீடரிடம் கெஞ்சி அனுமதி வாங்கி, பஸ்ஸும் ஏறிவிட்டேன். கூட்டேரிப்பட்டு தாண்டவில்லை, லீடரிடமிருந்து போன் வந்துவிட்டது. "அளவு ஏறுதும்மா, வேற ஆள் இல்ல, கொஞ்சம் பாத்துக்கோங்களேன்" என்றார். பையோடு இறங்கி, சாலையைத் தாண்டி, எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸில் ஏறித் திண்டிவனம் வந்தேன். அந்தப் பஸ்ஸில் நான் அழுதேன். பக்கத்தில் இருந்த அம்மாள் யாராவது தவறிவிட்டார்களா என்று கேட்டார்.

அவர் வீட்டில் முகம் மாறியது. அவர் அம்மா, அதாவது இப்போதைய என் அத்தை, என் அம்மாவுக்குப் போன் செய்தார். "உங்க பொண்ணு சூரியனக் கட்டிக்கினு இருக்குதா, எம் புள்ளையக் கட்டிக்கப் போவுதா? கேட்டு சொல்லுங்க" என்றார். முதலில் கேலி, பிறகு கேலி இல்லை. "விபூதிப் புதன் வந்துடும். அப்புறம் தபசு காலம், கல்யாணம் கெடையாது. இந்தத் தடவையும் வகுப்புக்கு வரலைன்னா, ஈஸ்டர் வரைக்கும் காத்துக்கினு இருக்க மாட்டோம். வேற எடம் பாத்துக்கறோம்."

அவரிடமே கேட்டேன். "நீங்க என்ன சொல்றீங்க?"

"எங்கம்மா சொன்னா சொன்னதுதான்," என்றார். பிறகு, "வந்துடு. எப்படியாச்சும் வந்துடு," என்றார். கெஞ்சிக் கேட்கத் தெரியாத மனிதர் அவர். அன்றைக்குக் கெஞ்சினார்.

பங்குச் சாமியாரிடம் போய் வகுப்பை ஆன்லைனில் வைக்க முடியுமா என்று கேட்டுப் பார்த்தேன். "ஏம்மா, தாலியையும் ஆன்லைன்லயே கட்டிடலாமா?" என்றார். லீடரிடம் மூன்று நாள் லீவு கேட்டேன். அவரும் இதையே தலைகீழாகக் கேட்டார். "கல்யாணத்துக்கு கிளாஸா? அதை ஆன்லைன்ல நடத்த மாட்டாங்களாம்மா?" நடுவில் நான். இரண்டு பக்கமும் நல்லவர்கள், இரண்டு பக்கமும் சிரித்த முகம், இரண்டு கதவும் சாத்தியிருந்தன.

மூன்றாவது வகுப்பின் வெள்ளிக்கிழமை வந்தது. காலை ஐந்தரைக்கே மாடிக்குப் போய்ப் படங்களைப் பார்த்தேன். ஓட்டை சுருங்கியிருந்தது. போன முறை இருந்ததில் பாதிகூட இல்லை. காற்றின் வேகம் சாதாரணம். நேர்மையாகச் சொன்னால் அது மஞ்சள். பலவீனமான மஞ்சள். பச்சை என்று சொல்லத் துணிச்சல் போதாது, சிவப்பு என்று சொல்ல ஒரு காரணமும் இல்லை. மஞ்சள் போட்டால் நான் அந்த நாற்காலியில். கீழே அம்மா துணி மடித்து வைத்த என் பையோடு வாசலில் நின்றார். மேலே ஏறி வரவில்லை. கேட்கவும் இல்லை.

நான் சிவப்பு போட்டேன்.

கை நடுங்கியது என்றெல்லாம் எழுதினால் அழகாக இருக்கும். நடுங்கவில்லை. மூன்று நாளுக்கும் சேர்த்துச் சிவப்பு என்று எழுதி, கீழே காரணம் என்ற இடத்தில் "முன்னெச்சரிக்கை" என்று ஒரே சொல்லைப் போட்டு அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் பதில் வந்தது. தூங்க வைத்துவிட்டார்கள். நான் குளித்து, தலை பின்னி, ஏழரைக்குப் பஸ் ஏறினேன். கூட்டேரிப்பட்டு தாண்டியபோது வாய்விட்டுச் சிரித்தேன்.

வகுப்பில் பன்னிரண்டு ஜோடிகள். ஒரு சிஸ்டர் துணிப்பையோடு வந்து போன்களை வாங்கி நம்பர் ஒட்டிப் போட்டுக்கொண்டார். என் போனைக் கொடுத்தபோது உடம்பிலிருந்து எதையோ இறக்கி வைத்தது போல இருந்தது. சமையல், குழந்தை, சண்டை, ஜெபம் என்று ஒவ்வொருவராக வந்து பேசினார்கள். நான் எதையும் சரியாகக் கேட்கவில்லை. மின்விசிறியின் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் அவர் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன். எத்தனை வருஷம் கழித்து அப்படிச் சும்மா உட்கார்ந்தேன் என்று எனக்கு ஞாபகமில்லை. ஆனால் மத்தியானம் சாப்பிடும்போது அந்தக் கிழத்தின் நினைப்பு வந்துவிடும். ஒரு குற்றமும் செய்யாமல் மேலே கண்ணைக் கட்டிக் கிடக்கிறதே என்று சோறு இறங்காது.

சனிக்கிழமை ஒரு பயிற்சி வைத்தார்கள். ஆளுக்கொரு தாள். வருங்காலத் துணைக்கு இதுவரை சொல்லாத ஒன்றை எழுதி மடித்துக் கொடுக்க வேண்டும். "சின்னதா இருந்தாலும் பரவால்ல, உண்மையா இருக்கணும்," என்றார் சிஸ்டர். என் மாப்பிள்ளை எழுதியது இது: "எனக்குப் பால் வாசனையே பிடிக்காது. உங்கள் வீட்டில் கொடுத்த டீயைக் கஷ்டப்பட்டுத்தான் குடித்தேன்." எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. நானும் அப்படி ஏதாவது எழுதியிருக்கலாம். கரப்பானுக்குப் பயம் என்று எழுதியிருக்கலாம். எது என்னைப் பிடித்துத் தள்ளியதோ தெரியவில்லை, நடந்ததை அப்படியே எழுதினேன். மஞ்சள்தான் சரி, இங்கே வருவதற்காகச் சிவப்பு போட்டேன், யாருக்கும் தெரியாது என்று எழுதிக் கொடுத்தேன். நீங்கள் எனக்கு அவ்வளவு முக்கியம் என்று அவர் அதைப் படித்துக்கொள்வார் என்று நினைத்தேன். என் மூளைக்கு எட்டியது அவ்வளவுதான்.

அவர் படித்தார். நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். வெளியே வேப்ப மரத்தடிக்கு வந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"அப்போ அது சும்மாவே தூங்கிக்கினு இருக்குதா?"

"ஆமாங்க."

"அதை நம்பிக்கினு இருக்கறவங்க?"

"மூணு நாளைக்கு வேற செயற்கைக்கோள்ல பாத்துப்பாங்க. கொஞ்சம் பேஜாருதான் அவங்களுக்கு. உசுருக்கு ஒண்ணும் இல்ல."

"எனக்கோசரமா பண்ணே?"

"வேற யாருக்கு?"

அவர் முகத்தில் சந்தோஷம் வந்ததை நான் பார்த்தேன். அது பொய்யில்லை. வந்தது, கொஞ்ச நேரம் நின்றது, பிறகு உள்ளே போய்விட்டது. "திங்கக்கிழமை சொல்லிடு," என்றார். "லீவு குடுக்கல, அதனால பண்ணிட்டேன்னு சொல்லிடு. திட்டுவாங்க. திட்டட்டும்."

"திட்ட மாட்டாங்க. வேலைய விட்டு அனுப்பிடுவாங்க."

"சொல்லிடு," என்றார் மறுபடியும். சரி என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

ஞாயிறு மாலை சான்றிதழ் கையில் வந்தது. போனும் கையில் வந்தது. விழுப்புரம் பஸ் நிலையத்தில் அவர் என்னோடு நின்றுகொண்டிருந்தபோது அதை உயிர்ப்பித்தேன். செய்தி மேல் செய்தியாக வந்து விழுந்தது. சுருங்கிய ஓட்டைதான், ஆனால் அதிலிருந்து வந்த காற்று பூமியை எப்படித் தொட வேண்டுமோ அப்படித் தொட்டிருக்கிறது. எலக்ட்ரான்கள் எகிறிவிட்டன. தூங்க வைக்காமல் மஞ்சளிலேயே விட்டிருந்த வேறொரு கம்பெனியின் செயற்கைக்கோள் நேற்றிலிருந்து பிதற்றிக்கொண்டிருக்கிறதாம். எங்களுடையது பத்திரமாகத் தூங்குகிறது. "உங்களால தப்பிச்சோம்மா! எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று லீடர் எழுதியிருந்தார்.

எனக்கு அந்த நிமிஷம் வந்தது வெறும் சந்தோஷம். அப்பாடா! குற்றம் கழுவிப் போய்விட்டது என்றே நினைத்தேன். போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். "பாருங்க, பாருங்க! நிஜமாவே ஏறிடுச்சு. சிவப்புதான் சரி!"

அவர் நிதானமாகப் படித்தார். "நீ எழுதும்போது இது உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. ஆனா..."

"அப்போ?"

பஸ் வந்துவிட்டது. நான் ஏறிக்கொண்டேன். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது அவர் கையை ஆட்டினார். எப்போதும் போலத்தான் ஆட்டினார். ஆனால் அந்த "அப்போ?" திண்டிவனம் வரைக்கும் என்னோடு வந்தது.

திங்கட்கிழமை எல்லோரும் சேர்ந்த கூட்டத்தில் லீடர் என்னைப் பேசச் சொன்னார். எந்த அடையாளத்தை வைத்து முடிவு செய்தேன் என்று மற்றவர்களுக்குச் சொல்லித் தர வேண்டுமாம். சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். திரையில் பதினைந்து முகங்கள், எல்லாமே என்னைப் பார்த்துச் சந்தோஷமாக இருந்தன. ஓட்டையின் ஓரம், காற்றின் அடர்த்தி, போன சுற்றோடு ஒப்பீடு என்று வாய் தானாக ஓட ஆரம்பித்தது. நன்றாகவே பேசினேன். அவ்வளவு நன்றாக நான் உண்மையைக்கூடப் பேசியதில்லை. ஒருவர் எழுதிக்கொண்டார். முடிந்ததும் லீடர் ஒரு புது ஏற்பாட்டை அறிவித்தார். இனிமேல் இருபத்தேழாம் நாள் வந்தால் கணிப்பு மென்பொருள் என்ன சொன்னாலும் சரி, கடைசி வார்த்தை என்னுடையது. ஓட்டை திரும்பும் நாட்களில் நான் கட்டாயம் இருக்க வேண்டும். பகலுக்கு இன்னொரு ஆள் எடுக்கும் பேச்சு அதோடு நின்றுபோனது. இவள்தான் இருக்கிறாளே!

சாயங்காலம் அவர் போன் செய்தார். "சொல்லிட்டியா?"

"இல்லீங்க. இன்னிக்கு சரிப்படல."

முதல் ஞாயிறு எங்கள் கோயிலில் ஓலை வாசித்தார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, தடை ஏதாவது இருப்பதாகத் தெரிந்தால் பங்குத் தந்தையிடம் தெரிவிக்க வேண்டும் என்று வாசிப்பது வழக்கம். சின்ன வயதிலிருந்து நூறு ஓலை கேட்டிருப்பேன், ஒரு நாளும் காது கொடுத்ததில்லை. அன்றைக்கு ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டேன். அதே நேரத்தில் அவர் பங்கிலும் இதை வாசிக்கிறார்கள். அவர் எழுந்து நிற்பாரோ என்று நினைத்தேன். பைத்தியக்கார நினைப்புதான். பாலைத் திருப்பி அனுப்பிய மனிதர், அதனால் வந்த நினைப்பு. அன்று சாயங்காலமும் "சொல்லிட்டியா?" என்று கேட்டார். இரண்டாம் ஞாயிறும் கேட்டார். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை.

"சும்மா சும்மா கேட்டுக்கினே இருக்காதீங்க! சொன்னா வேலை போவும். போனா நீங்க சோறு போடுவீங்கன்னு தெரியும், அதுக்காக நான் படிச்சது இன்னாத்துக்கு?"

"சரி, உடு," என்றார்.

மூன்றாம் ஞாயிறு அவர் கேட்கவில்லை. பந்தலுக்கு ஆள் சொன்னது, மைக் செட் காரரோடு தகராறு, என் அம்மாவுக்கு எந்த நிறத்தில் சேலை எடுப்பது என்று எல்லாம் பேசினார். அதை மட்டும் கேட்கவில்லை. விட்டது தொல்லை என்று நினைத்தேன். போனை வைத்த பிறகு அவர் கேட்டிருக்கலாம் என்று இருந்தது.

கல்யாணம் வியாழக்கிழமை, விபூதிப் புதனுக்கு ஆறு நாள் முன்னால். வகுப்புக்குப் போன வெள்ளிக்கிழமையிலிருந்து எண்ணினால் சரியாக இருபத்தேழாம் நாள். வேறு முகூர்த்தம் கிடைக்கவில்லை. லீடர் தாராளமாக லீவு கொடுத்தார். "நீங்க ஒண்ணும் பாக்க வேணாம்மா. மத்தியானம் ஒரு தடவ கிராஃபப் பாத்துட்டு ஒரே ஒரு வார்த்த அனுப்புங்க, போதும். நீங்க என்ன சொல்றீங்களோ அதான்." கல்யாணப் பெண்ணுக்குக் கொடுக்கிற பரிசு போல அதைச் சொன்னார்.

பூசை முடிந்தது. தாலி ஏறியது. பக்கத்து மண்டபத்தில் மேடையில் எங்களை உட்கார வைத்துவிட்டு எல்லோரும் பந்திக்குப் போனார்கள். கொஞ்ச நேரம் மேடையில் அவரும் நானும் மட்டும். கழுத்தில் மாலை உறுத்த, அம்மாவின் கைப்பையிலிருந்து என் போனை எடுத்துப் பார்த்தேன். சூரியக் காற்று காலையிலிருந்து ஏறிக்கொண்டே வந்திருந்தது. ஓட்டை மறுபடியும் பெருத்திருந்தது. எல்லா அடையாளமும் ஒரே பக்கம் காட்டின. இவ்வளவு தெளிவான சிவப்பை நான் இந்த வேலையில் நாலைந்து முறைதான் பார்த்திருப்பேன். குழந்தையைக் கேட்டாலும் சிவப்பு என்றுதான் சொல்லும். சிவப்பு என்று தட்டினேன்.

அவர் என் தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தார். வாழ்த்த வருகிறவர்களுக்காக வைத்திருந்த சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது. குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"நிஜமாவா? இல்ல, நாளைக்கு உங்க வீட்டு விருந்துக்குப் போவணுமே, அதுக்கா?"

குத்திக் காட்டவில்லை. கோபமும் இல்லை. அதுதான் என்னை அறுத்தது. தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்கிற குரல்.

"நிஜமாத்தாங்க. இதோ பாருங்க, இந்தக் கோடு எப்படி ஏறியிருக்குன்னு பாருங்க," என்று கிராஃபைப் பெரிதாக்கிக் காட்டினேன். விரல்கள் நடுங்கின. அந்த வெள்ளிக்கிழமை நடுங்காத விரல்கள். அவர் அதை உற்றுப் பார்த்தார். அவருக்குத் தெரிந்த தராசு பாலுக்கானது. இந்தக் கோடு ஏறினாலும் இறங்கினாலும் அவருக்கு ஒன்றுதான்.

"எனக்கு இது இன்னா தெரியும்? அனுப்பு," என்று சொல்லிவிட்டு, மேடையேறி வந்த சித்தப்பாவை வணங்குவதற்காக எழுந்தார். அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் தூங்க வைத்துவிட்டார்கள். யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அந்தக் கம்பெனியில் என் வார்த்தைக்கு அவ்வளவு மதிப்பு.

கம்பெனியில் இன்றுவரை சொல்லவில்லை. சொல்லும் தைரியம் ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் குறைகிறது. இப்போது கோலியனூரிலிருந்துதான் வேலை, அம்மாவும் எங்களோடுதான் இருக்கிறார். அறையில் ஜன்னல் இரண்டு. அவர் நல்ல கணவர். பாலில்லாமல் வரக்காப்பி போட்டுக்கொண்டு எனக்கும் ஒரு டம்ளர் கொண்டுவந்து வைப்பார். ஒரு முறைகூட அந்தத் தாளைப் பற்றிப் பேசியதில்லை. ஆனால் இருபத்தேழாம் நாள் வரும். நான் நிறத்தை எழுதி அனுப்பிவிட்டு வந்து அவருக்குச் சோறு போடுவேன். அவர் தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

"இன்னிக்கு சிவப்பு. நிஜமாத்தாங்க," என்பேன்.

"நான் ஒண்ணும் கேக்கலையே," என்பார்.